இரண்டு கம்பெனி இருந்தால்தான் சம்பளம் ஏறும்

ரெஸ்லிங் என்று பேச்செடுத்தாலே, "அதெல்லாம் பொய்ச் சண்டைதானே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடுகிறது, உண்மைதான். 1989இலேயே வின்ஸ் மெக்மேனின் கம்பெனி (இன்றைய டபிள்யூடபிள்யூஇ), தாங்கள் நடத்துவது போட்டி அல்ல, கேளிக்கை என்று நியூ ஜெர்சி மாநில அரசிடம் ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டணமும் கண்காணிப்பும் தலையில் விழக் கூடாது என்பதுதான் காரணம். ஆனால் முடிவு முன்பே தெரியும் என்பதால் விழுகிற வலி குறைந்துவிடாது, வண்டி ஓட்டுகிற தூரமும் குறையாது.

நம் ஊரில் 90களில் ட்ரம்ப் கார்டு ஆடியவர்களுக்கு ரெஸ்லர்களின் உயரம், எடை, மார்பளவு எல்லாம் மனப்பாடம். இவர்களுக்கு யார், எப்படி, எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எந்த அட்டையிலும் இல்லை. அமெரிக்க ரெஸ்லிங்கின் கணக்கைத் தொடர்ந்து பார்த்து வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஒரு ரெஸ்லரின் வருமானம் அவருடைய திறமையைவிட, அவரை எடுத்துக்கொள்ள எத்தனை முதலாளிகள் போட்டி போடுகிறார்கள் என்பதைத்தான் நம்பி இருக்கிறது.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். டபிள்யூடபிள்யூஇ ரிங் 20க்கு 20 அடி. சின்னக் கம்பெனிகள் 18 அடியிலோ 16 அடியிலோ வைத்திருப்பார்கள். அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, பலகைக்கு மேல் ஒரு விரல்கட்டைக் கனத்துக்கு நுரை விரிப்பு, கடைசியில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். டிவியில் மெத்தை மாதிரித் தெரிவது அவ்வளவுதான். பலகை லேசாக வளைந்து கொடுப்பதால் அதிர்ச்சி கொஞ்சம் குறைகிறது, 'தடால்' என்ற சத்தமும் அதிலிருந்துதான் வருகிறது. டபிள்யூடபிள்யூஇ நிஜக் கயிற்றின் மேல் டேப் சுற்றுகிறது. வேறு பல கம்பெனிகள் இரும்பு வடத்தை ரப்பர் குழாய்க்குள் விட்டு முறுக்கிக் கட்டுகின்றன. அதில் ஓடி மோதிப் பழகும் புதியவருக்கு முதல் சில நாளிலேயே அக்குளுக்குக் கீழே விலா முழுக்கக் கன்றிப்போய்விடும். கேன்வாஸ் சரியாக இழுபடாமல் சுருக்கம் விழுந்திருந்தால் கணுக்கால் பிசகும். மேல் கயிறு தொய்ந்திருந்தால் அதை நம்பிச் சாய்ந்தவர் வெளியே போய் விழுவார். அதனால் அனுபவசாலிகள் ஊருக்கு வந்ததும் உடை மாற்றும் முன் ரிங்கில் ஏறி நாலு பக்கக் கயிற்றையும் இழுத்துப் பார்த்துவிடுவார்கள்.

பள்ளியில் முதல் பாடம் மல்லாக்க விழுவது. இதற்குத் தொழிலில் பம்ப் என்று பெயர். உட்கார்ந்தபடி பின்னால் சாய்வதில் தொடங்கி, பிறகு குத்தவைத்து, பிறகு நின்று, கடைசியாக இன்னொருவர் தூக்கிப் போட விழ வேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு கைகளும் உடம்பிலிருந்து சாய்வாக விரிந்து, மேல்முதுகு தரையைத் தொடும் அதே கணத்தில் உள்ளங்கை தரையை அறைய வேண்டும். மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். முதுகின் அகலம் முழுவதும் ஒன்றாக இறங்கினால் அடி பரவிவிடும். தாடை விலகினால் பின்மண்டை தனியாகப் போய் மோதும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். இடுப்பு முந்திக்கொண்டால் வால் எலும்பில் அடி. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும், ஒரு இரவில் பத்துப் பதினைந்து தடவை, வாரத்தில் நாலு நாள் என்று பல வருடம் விழுந்தால் கழுத்து வட்டும் முழங்காலும் தேய்வதை யாராலும் தடுக்க முடியாது.

எதிராளி தப்பு செய்தால் நிலைமை இன்னும் மோசம். 1997 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்தபடி பைல்டிரைவர் போட்டார். ஆஸ்டினின் தலை ஓவனின் தொடைக்கு மேலேயே இருந்திருக்க வேண்டும். சில அங்குலம் கீழே தொங்கிவிட்டது. கை கால் உணர்வில்லாமல் சில நிமிடம் கிடந்தவர், எப்படியோ உருண்டு, எதிராளியின் தோளை ஒப்புக்குத் தரையில் அழுத்தி ஆட்டத்தை முடித்தார். அந்தக் கம்பெனியின் மிகப் பெரிய வருமானக்காரராக அவர் உயர்ந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்தக் கழுத்தோடு தொடர்ந்து ஆட, கம்பெனியின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 2003 வரைதான் முடிந்தது.

எதிராளியின் உயிர் உங்கள் கையில் இருப்பதால் சில பொது வழக்கங்கள் உண்டு. அமெரிக்காவில் ஹெட்லாக், கை முறுக்கு எல்லாம் இடப்பக்கமாகத்தான் பிடிப்பார்கள். மெக்சிகோவில் வலப்பக்கம். அன்று காலைதான் அறிமுகமான இருவர் இரவில் இருபது நிமிடம் மோத முடிவது இந்த ஒழுங்கினால்தான். வில்லன், அதாவது ஹீல், ஆட்டத்தை நடத்திக்கொண்டு போவார். அடுத்து என்ன என்பதை ஹெட்லாக் பிடிக்குள் முகம் மறையும்போது காதில் சொல்வார். நேரக் கணக்கு நடுவரின் காதிலுள்ள கருவி வழியே வரும், முடிக்கச் சொல்வதும் அவர்தான். நிஜமாகவே அடிபட்டுவிட்டால் நடுவர் தலைக்கு மேல் இரண்டு கையையும் பெருக்கல் குறியாகக் காட்டுவார்.

இவ்வளவுக்கும் கூலி எப்படி வந்தது? 1948இல் அயோவா மாநிலத்து வாட்டர்லூ நகரில் கூடிய, ஆட்டம் நடத்தும் புரமோட்டர்கள் என்டபிள்யூஏ என்ற கூட்டமைப்பை உருவாக்கி நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவரவர் எல்லைக்கு டெரிட்டரி என்று பெயர். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் நுழைவதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ரெஸ்லருக்கு இருபதுக்கு மேற்பட்ட முதலாளிகள். நடைமுறையில் ஒருவரிடம் தகராறு செய்தவருக்கு மற்ற இடத்திலும் கதவு அடைபட்டது. அமெரிக்க நீதித்துறை இதை வணிகப் போட்டிக்கு எதிரான கூட்டுச்சதி என்று பிடித்து, 1956இல் என்டபிள்யூஏவிடம் உடன்பாட்டு ஆணையில் கையெழுத்து வாங்கியது. பெயரளவில் சில விதிகள் மாறின, பழக்கம் மாறவில்லை.

மெம்ஃபிஸ் டெரிட்டரியில் ஒரு வாரம் எப்படிப் போகும் என்று பார்த்தாலே அந்தக் காலம் புரியும். சனிக்கிழமை காலை உள்ளூர் சேனல் 5இல் ஒன்றரை மணி நேர நேரலை. அது திங்கட்கிழமை ஆட்டத்துக்கான விளம்பரம் மட்டும்தான், அங்கே பெரிய காசு கிடையாது. அன்று இரவே வேறு ஊரில் ஆட்டம். திங்கள் இரவு மெம்ஃபிஸ் மிட்-சவுத் கொலிசியம். செவ்வாய் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி லூயிவில். புதன் எவன்ஸ்வில். மற்ற நாட்களில் சின்ன ஊர்கள். பெட்ரோல், சாப்பாடு, அறை எல்லாம் சொந்தச் செலவு. அதனால் மூன்று நாலு பேர் ஒரு காரில் அடைந்துகொண்டு போவார்கள். வசூல் எவ்வளவு என்பது புரமோட்டருக்கு மட்டும் தெரியும். திரைக்குப் பின்னால் நின்று தலை எண்ணிப் பார்ப்பதுதான் ரெஸ்லரின் ஒரே தணிக்கை. தன் பங்கு போக மீதியைப் புரமோட்டர் பிரிப்பார். மெயின் ஈவென்ட்காரருக்குப் பெரிய பங்கு, முதல் ஆட்டக்காரருக்கு அன்றைய செலவுக்கே இழுபறியாக ஒரு தொகை. சில மாதத்தில் முகம் பழகி வசூல் குறையும். அப்போது "தோற்றவர் ஊரை விட்டுப் போக வேண்டும்" என்று ஒரு ஆட்டம் அறிவிப்பார்கள். போகிறவர் இருக்கப்போகிறவரிடம் தோற்றுவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த டெரிட்டரிக்குப் போவார். அங்கே அவர் புது முகம், மறுபடி விலை உண்டு.

இந்தத் தொழில் தன் ரகசியத்தை எவ்வளவு தூரம் காத்தது என்பதற்கு 1975 அக்டோபரில் வட கரோலினாவின் வில்மிங்டனில் நடந்த விமான விபத்து ஒன்று போதும். வில்லனாக ஆடிய ரிக் ஃபிளேரின் முதுகெலும்பு முறிந்தது. ஜானி வேலன்டைனின் ரிங் வாழ்க்கை அதோடு முடிந்தது. அதே விமானத்தில் கதாநாயகன் டிம் வுட்ஸும் இருந்தார். ஹீரோவும் வில்லனும் ஒன்றாகப் பயணம் செய்தது வெளியே தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும். அதனால் வுட்ஸ் தன் நிஜப் பெயரைக் கொடுத்து, தான் ஒரு புரமோட்டர் என்று சொல்லிவிட்டார். அடிபட்ட உடம்போடு இரண்டு வாரத்தில் ரிங்கில் ஏறியும் காட்டினார். அவருக்காக மட்டும் அல்ல, அந்த டெரிட்டரியில் பிழைத்த அத்தனை குடும்பங்களுக்காகவும்தான் என்று நான் நினைக்கிறேன்.

1982இல் அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கிய வின்ஸ் மெக்மேன், எல்லைக்கோட்டை மதிக்கவில்லை. மற்றவர்களின் ஊர்களில் டிவி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கினார், அவர்களின் நட்சத்திரங்களையும் இழுத்தார். மினியாபோலிஸிலிருந்து வந்த ஹல்க் ஹோகன் 1984 ஜனவரியில் சாம்பியன். 1985 மார்ச்சில் முதல் ரெஸில்மேனியா. சில வருடங்களில் டெரிட்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. ஹோகனுக்கு இது பொற்காலம். நடுத்தட்டில் இருந்தவர்களுக்கு வேலை நாட்கள் கூடின, போக வேறு இடம் குறைந்தது. 1986இல் இரண்டாவது ரெஸில்மேனியாவுக்குச் சற்று முன்பு, சங்கம் அமைக்கலாம் என்று ஜெஸ்ஸி வென்சுரா என்ற ரெஸ்லர் உடை மாற்றும் அறையில் பேசினார். செய்தி உடனே மெக்மேனுக்குப் போயிற்று. பின்னாளில் வீடியோ ராயல்டிக்காக வென்சுரா போட்ட வழக்கில், சொன்னது ஹோகன்தான் என்று மெக்மேனே வாக்குமூலம் கொடுத்தார். அந்த வழக்கில் வென்சுராவுக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. சங்கம் இன்றுவரை இல்லை.

சம்பளம் நிஜமாக ஏறியது 1995 செப்டம்பரில் டிவி முதலாளி டெட் டர்னரின் டபிள்யூசிடபிள்யூ கம்பெனி, மெக்மேனின் திங்கள் இரவு நிகழ்ச்சியான ராவுக்கு நேர் எதிராக நைட்ரோ நிகழ்ச்சியைத் தொடங்கிய பிறகுதான். 1996 மே, ஜூன் மாதங்களில் ஸ்காட் ஹாலும் கெவின் நாஷும் அங்கே தாவினார்கள். அவர்களை இழுத்தது உத்தரவாதமான ஆண்டுத் தொகையும், குறைவான வேலை நாட்களும். அதுவரை மெக்மேனின் ஒப்பந்தத்தில் வாய்ப்புக்கு உறுதி உண்டு, தொகைக்கு உறுதி பெயருக்குத்தான். இந்தத் தாவலுக்குப் பிறகு அவரும் 'டவுன்சைடு' எனப்படும் குறைந்தபட்ச ஆண்டுத் தொகையை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வசூல் குறைந்தாலும், அடிபட்டு வீட்டில் இருந்தாலும் அந்தத் தொகை வரும். ஒரு கூட்டம் கூட்டாமல், ஒரு கோஷம் போடாமல், இரண்டாவது முதலாளி வந்ததால் மட்டுமே கிடைத்த உரிமை இது.

பிரெட் ஹார்ட் அதே 1996இல் டபிள்யூசிடபிள்யூ கொடுக்க வந்த ஆண்டுக்குச் சுமார் 28 லட்சம் டாலரை விட்டுவிட்டு, மெக்மேனிடம் 20 வருட ஒப்பந்தம் போட்டார். ஒரு வருடத்தில் மெக்மேன், கட்டுப்படியாகவில்லை, அங்கேயே போய்விடு என்றார். 1997 நவம்பர் 9, மாண்ட்ரியல். பிரெட்டின் சொந்த நாடு. ஷான் மைக்கேல்ஸ் ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போட்டதும், பிரெட் விட்டுக்கொடுக்காமலேயே அவர் தோற்றதாக மணி அடிக்கச் சொன்னார் மெக்மேன். 20 வருட ஒப்பந்தத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். டபிள்யூசிடபிள்யூ போனவருக்கு 1999 டிசம்பரில் கோல்ட்பர்கின் உதை தலையில் பட்டது. மூளை அதிர்ச்சியோடு அடுத்த சில நாட்களும் ஆடியதில் நிலைமை முற்றி, 2000இல் வேலையே முடிந்தது.

2001 மார்ச்சில் டபிள்யூசிடபிள்யூவை மெக்மேன் சில மில்லியன் டாலருக்கு வாங்கினார். உச்சத்தில் டிவி பார்வையாளர் கணக்கில் தன்னை 83 வாரம் தொடர்ந்து தோற்கடித்த கம்பெனி அது. பெரிய நட்சத்திரங்களின் ஒப்பந்தங்கள் தாய்க் கம்பெனியான டைம் வார்னரோடு இருந்ததால், ஸ்டிங், கோல்ட்பர்க், நாஷ் போன்றவர்கள் வீட்டில் இருந்தபடியே முழுச் சம்பளம் வாங்கினார்கள். புக்கர் டி, டயமண்ட் டல்லஸ் பேஜ் இருவரும் வேலை செய்யும் ஆசையில் குறைத்து வாங்கிக்கொண்டு மெக்மேனிடம் வந்தார்கள். அடுத்த 18 வருடம் அமெரிக்காவில் பெரிய முதலாளி ஒருவர்தான்.

அந்த ஒற்றை முதலாளியின் ஒப்பந்தத்தில் ரெஸ்லர் ஊழியர் அல்ல, தற்சார்பு ஒப்பந்ததாரர். விமான டிக்கெட் கம்பெனி கொடுக்கும். வாடகைக் கார், ஓட்டல், சாப்பாடு அப்போது அவர் பொறுப்பாக இருந்தது. ரிங்கில் பட்ட காயத்துக்கு அறுவை சிகிச்சைச் செலவைக் கம்பெனி ஏற்கும். ஆனால் மருத்துவக் காப்பீடு அவரே எடுக்க வேண்டும், ஓய்வூதியம் கிடையாது. எங்கே, எப்போது, யாரிடம், எப்படித் தோற்க வேண்டும், எந்த உடை, எந்த வசனம் என்று எல்லாவற்றையும் கம்பெனி முடிவு செய்யும்போது, அவரைத் 'தற்சார்பு' என்று அழைப்பது அநியாயம் என்றுதான் நான் சொல்வேன். 2008இல் ரேவன் உள்ளிட்ட மூன்று ரெஸ்லர்கள் இதே வாதத்தோடு நீதிமன்றம் போனார்கள், வழக்கு தள்ளுபடியானது.

ஒற்றை முதலாளியிடம் அதிர்ஷ்டம் எப்படிப் புரளும் என்பதற்கு 3எம்பி குழுவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2012இல் காமெடிக்காக ஒட்டிய மூவர்: டிரூ மெக்கின்டயர், ஜிந்தர் மஹால், ஹீத் ஸ்லேட்டர். டிரூவை 2009இல் மெக்மேனே டிவியில் தோன்றி வருங்கால சாம்பியன் என்று அறிமுகம் செய்திருந்தார். 2014 ஜூன் 12 அன்று டிரூவும் ஜிந்தரும் நீக்கப்பட்டார்கள், ஸ்லேட்டர் தப்பினார். டிரூ ஸ்காட்லாந்துச் சின்ன அரங்குகள், அமெரிக்கச் சின்னக் கம்பெனிகள் என்று அலைந்து, உடம்பையும் மைக் பேச்சையும் புதிதாகச் செதுக்கிக்கொண்டார். ஜிந்தர் 2016இல் ஆள் தேவைப்பட்டபோது திரும்ப அழைக்கப்பட்டு, ஏறக்குறைய வாரம்தோறும் தோற்றுக்கொண்டிருந்தார். 2017 மே 21, ராண்டி ஆர்டனை வீழ்த்தி டபிள்யூடபிள்யூஇ சாம்பியன். கனடாவில் பிறந்த பஞ்சாபிக்காரர் அவர். இந்தியச் சந்தைக்குக் கம்பெனி குறி வைத்த வருடம் அது. ஆனால் இந்தியச் சுற்றுப்பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, நவம்பரில் மான்செஸ்டரில் பட்டத்தை ஏஜே ஸ்டைல்ஸிடம் கொடுக்கச் சொன்னார்கள். டிசம்பரில் டெல்லி அரங்கில், தன் சொந்த ஆட்கள் முன்னால் ட்ரிபிள் எச்சிடம் தோற்றார். பட்டம் சூட்டியவர்களுக்கே அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லாமல் போனதற்கு அவர் என்ன செய்வார்?

கம்பெனிக்குத் திரும்பியிருந்த டிரூ, 2020 ஏப்ரலில் பிராக் லெஸ்னரை வென்று உச்சத்துக்கு வந்தார். கொரோனா காலம். ஓர்லாண்டோ பயிற்சிக்கூடத்தில் ஒரு பார்வையாளர்கூட இல்லை. பதினொரு வருடம் காத்திருந்த கைதட்டல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே மாதம் 15ஆம் தேதி, ஆறு வருடம் முன்பு தப்பிய ஸ்லேட்டர் நீக்கப்பட்டார்.

அன்று நீக்கப்பட்ட பட்டியலில் லூக் கேலோஸும் கார்ல் ஆண்டர்சனும் இருந்தார்கள். அதற்கு முந்தின வருடம்தான் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டவர்கள். ஏன் போட்டார்கள்? 2018இல் கோடி ரோட்ஸும் யங் பக்ஸ் என்ற சகோதரர் ஜோடியும் பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் டி-ஷர்ட் விற்றுச் சேர்த்த ரசிகர்களை நம்பி, சிகாகோ அருகே ஆல் இன் என்ற ஆட்டத்தை அறிவித்து, பத்தாயிரம் டிக்கெட்டை அரை மணிக்குள் விற்றார்கள். அதைப் பார்த்து டோனி கான் என்ற பணக்காரர் பணம் போட, 2019இல் ஏஇடபிள்யூ என்ற கம்பெனி பிறந்தது. இரண்டாவது முதலாளி வந்துவிட்டதால், டபிள்யூடபிள்யூஇ தன் ஆட்களைப் பெரிய தொகையும் நீண்ட காலமும் கொடுத்துக் கட்டிப்போட்டது. தொற்று வந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் டிவி உரிமைப் பணத்தால் கம்பெனியின் வருவாய் ஏறியது. 2021இல் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஆட்குறைப்பு இரண்டு ஆண்டிலும் தொடர்ந்தது.

இங்கேதான் ஒப்பந்தத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். ஐந்து வருடம் என்பது ரெஸ்லருக்கு மட்டும். கம்பெனி 90 நாள் நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். அந்த 90 நாளும் டவுன்சைடு வரும், ஆனால் வேறு எங்கும் ரிங்கில் ஏற முடியாது. ரெஸ்லர் தானாகக் கேட்டால் கம்பெனி விட வேண்டிய கட்டாயம் இல்லை. அடிபட்டு உட்கார்ந்திருந்த மாதங்களை ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டிக்கொள்ளும் உரிமையும் கம்பெனிக்கு உண்டு.

2014இல் டபிள்யூடபிள்யூஇ நெட்வொர்க் என்ற இணையச் சந்தாச் சேவை மாதம் 9.99 டாலருக்கு வந்தபோது இன்னொரு வருமானமும் கலைந்தது. முன்பு தனியாகக் காசு கட்டிப் பார்க்கும் பே-பெர்-வியூ நிகழ்ச்சி ஒவ்வொன்றும் 45, 55 டாலருக்கு விற்று, அந்த விற்பனையை ஒட்டிப் பெரிய ஆட்டக்காரர்களுக்குப் போனஸ் வந்தது. சந்தாவில் எந்த ஆட்டம் யாரால் விற்றது என்று பிரிக்க வழியில்லை. இப்போது நெட்ஃபிளிக்ஸ் 10 வருடத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் கொடுக்கிறது. அமெரிக்காவில் ரா நிகழ்ச்சி 2025 ஜனவரியிலும், இந்தியாவில் கம்பெனியின் ஒளிபரப்பு அதே ஆண்டு ஏப்ரலிலும் அங்கே போய்விட்டன. என்பிஏ கூடைப்பந்தில் சங்கம் இருப்பதால் வருவாயில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்கு. ரெஸ்லிங்கில் அப்படி ஒரு பங்கு எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

டிவி இல்லாத ஹவுஸ் ஷோக்களும் குறைந்துவிட்டன. உடம்புக்கு இது நல்லது, 80களில் வருடத்துக்கு 300 நாள் ஆடியவர்களை நினைத்தால் நிம்மதியாகக்கூட இருக்கிறது. ஆனால் ஒரு புதியவர் எதைச் செய்தால் கூட்டம் எழும், எங்கே நிறுத்தினால் அடங்கும் என்று கற்றுக்கொண்டது அந்தக் கேமரா இல்லாத இரவுகளில்தான். அந்த இடத்தை இப்போது சின்னக் கம்பெனிகள் நிரப்புகின்றன. அங்கே ஆட்டக்கூலி பெட்ரோலுக்குப் போதும், இல்லாவிட்டால் அதற்கும் போதாது. மீதியைச் சம்பாதிப்பது இடைவேளையில் போடும் மேசை: டி-ஷர்ட், கையெழுத்துப் போட்ட படம், சேர்ந்து எடுக்கும் போட்டோ. அச்சடித்த கூலி போக டி-ஷர்ட்டில் வருவது முழுக்கச் சொந்தக் காசு. கைவசம் எல்லா அளவும் இருக்க வேண்டும், சில்லறை இருக்க வேண்டும், ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்து நின்றாலும் சிரித்த முகம் இருக்க வேண்டும். யங் பக்ஸ் வளர்ந்தது இந்த மேசையில்தான்.

அந்த டி-ஷர்ட்டில் என்ன பெயர் அச்சடிக்கலாம் என்பதும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. கம்பெனி வைத்த பெயர் கம்பெனிக்கே சொந்தம். டீன் ஆம்ப்ரோஸ் வெளியே வந்ததும் தன் பழைய ஜான் மாக்ஸ்லிக்குத் திரும்பினார். ஆம்ப்ரோஸாகச் சேர்த்த புகழைப் பெயரோடு எடுத்து வர முடியவில்லை. கோடி ரோட்ஸ் 2016இல் விலகியபோது, அப்பா டஸ்டி ரோட்ஸ் காலத்திலிருந்து குடும்பத்தோடு ஒட்டிய பெயரின் பின்பாதி டபிள்யூடபிள்யூஇயிடம் இருந்தது. நாலு வருடம் வெறும் 'கோடி'யாகவே ரிங்கில் ஏறினார். பெயர் 2020 இறுதியில் கைக்கு வந்தது. 2022இல் திரும்பிப் போனபோது விலை பேசும் இடத்தில் அவர் இருந்தார், ஏனென்றால் அப்போது வாங்க இரண்டு பேர் இருந்தார்கள்.